கொல்லப்பட்டோர் பெயர்: படமாகாத ஒரு திகில் திரைக்கதையை முன்வைத்துச் சில அறவியல் சிந்தனைகள்

அரங்கேறாத நூலுக்கு மதிப்புரை எழுதலாமா என்னும் வினா தமிழ் மரபில் மிகுதியாக எழுந்ததில்லை. அவையோர் முன் படிக்கப்பட்டு ஏற்கப்பட்ட பின்னரே ஒரு படைப்பு நூல் என்னும் தகுதியைப் பெற்றது. சிறப்புப்பாயிரச் செய்திகளோடு அரங்கேறிய களத்தையும் சேர்த்துரைக்கும் வழக்கம் உண்டென நன்னூலார் குறித்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. திரைப்படத் துறையில் நிலைமை வேறு. அங்கே எழுதப்படும் திரைக்கதைகளுள் பெரும்பாலானவை படமாவதில்லை. அவை விலைக்கு வாங்கப்படுகின்றன, திருத்தப்படுகின்றன, பின்னர் அலமாரியில் கிடந்து மறைகின்றன. சில மட்டும் படியெடுக்கப்பட்டு ஆர்வலர் கைகளில் உலவுகின்றன. எழுதியவரின் நேர்காணல்கள் வாயிலாகவும் திரை வரலாற்று நூல்கள் வாயிலாகவும் பேசப்படுகின்றன. களம் காணாத இத்தகைய பனுவல்கள் இலக்கிய ஆய்வாளருக்கு உரியவையா எனின், உரியவையே என்பது என் கருத்து. ஒரு கலைவடிவம் எதை ஏற்றது என்பதைப் போலவே எதை ஏற்க மறுத்தது என்பதும் அவ்வடிவத்தின் இயல்பைக் காட்டும்.

அமெரிக்க எழுத்தாளர் டென்னிஸ் எட்சிசன் (1943–2019) ‘ஹாலோவீன்’ பட வரிசையின் நான்காம் படத்துக்காக 1980களில் எழுதி, தயாரிப்பாளரால் மறுக்கப்பட்ட திரைக்கதையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ‘ஸ்லாஷர்’ எனப்படும் வெட்டுக்கொலைப் படங்களுக்கு ஆய்விதழில் என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். பேய்மகளிர் பிணம் தின்று கூத்தாடும் பரணியைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நாம் இந்தச் சுளிப்பைச் சற்று ஒத்திவைக்கலாம். தீமையை மறந்தால் அது ஒழியுமா, நினைத்தால் அது வளருமா என்னும் பழைய வினாவை மலிவானது எனக் கருதப்படும் ஒரு வடிவத்துக்குள் நின்று எட்சிசன் எழுப்பினார். அவர் கண்ட விடை எனக்கு முழு உடன்பாடன்று. ஆயினும் வினா தக்கது.

பின்னணி

ஜான் கார்ப்பெண்டர் இயக்கி, அவரும் டெப்ரா ஹில்லும் எழுதிய ‘ஹாலோவீன்’ 1978இல் வெளிவந்தது. மூன்று லட்சம் டாலரை ஒட்டிய சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட படம் அது. இல்லினாய் மாநிலத்தில் ஹாடன்ஃபீல்டு என்னும் கற்பனை ஊர். 1963ஆம் ஆண்டு ஹாலோவீன் இரவில், ஆறு வயதுச் சிறுவன் மைக்கேல் மையர்ஸ் தன் தமக்கை ஜூடித்தைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பி அதே ஊருக்குத் திரும்புகிறான். ஆனி, பாப், லிண்டா ஆகிய இளையோர் கொல்லப்படுகின்றனர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிக்கு வந்த லாரி ஸ்ட்ரோட் என்னும் மாணவி தப்பிப் பிழைக்கிறாள். அவள் காத்த சிறுவன் டாமி டாயில், சிறுமி லிண்ட்சி வாலஸ்.

இப்படத்தின் இறுதி சிறப்பாகக் கருதத்தக்கது. மருத்துவர் லூமிஸ் ஆறு முறை சுட, கொலையாளி மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் தரையில் உடல் இல்லை. தொடர்ந்து, அவன் முன்பு நின்ற இடங்களெல்லாம் வெறுமையாகக் காட்டப்படுகின்றன. முகமூடிக்குள் மூச்சுவிடும் ஒலி மட்டும் கேட்கிறது. நடிகர் பட்டியலில், முகமூடி அணிந்த அப்பாத்திரத்துக்கு மைக்கேல் என்னும் பெயர் தரப்படவில்லை. ‘உருவம்’ என்னும் பொருள்படும் சொல்லே தரப்பட்டுள்ளது. டாமி என்னும் அச்சிறுவன் இரவு முழுதும் பூச்சாண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில் லாரி அழுதுகொண்டே அது பூச்சாண்டிதானா என்று கேட்க, கற்றறிந்த மருத்துவரும் ஆம் என்கிறார். கொலையாளி மனிதனா, ஊரின் அச்சம் எடுத்த வடிவா என்னும் ஐயத்தை முதற்படமே விதைத்திருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தொடர்ச்சிப் படங்கள் இந்த ஐயத்தை விரும்பவில்லை. 1981இல் வந்த இரண்டாம் பாகம் அவனுக்கு உடலையும் உறவையும் காரணத்தையும் தந்தது. சாவுகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. இறுதியில் மருத்துவமனைத் தீயில் அவன் எரிந்து விழுந்தான். 1982இல் வந்த மூன்றாம் பாகம் அவனை விட்டுவிட்டு முற்றிலும் வேறொரு கதையைச் சொல்ல முயன்று பார்வையாளரின் ஏமாற்றத்துக்கு ஆளாயிற்று. ஆகவே நான்காம் படத்தில் மைக்கேல் மையர்ஸ் வந்தாக வேண்டும் என்பது வணிகத்தின் கட்டளை. அவன் எரிந்துவிட்டான் என்பது கதையின் நிலை. இந்த முரண்பாட்டின் நடுவில்தான் எட்சிசன் அழைக்கப்பட்டார். அவர் இரண்டாம், மூன்றாம் படங்களை ஜாக் மார்ட்டின் என்னும் புனைபெயரில் நாவல்களாக எழுதியவர். சிறுகதைக்காக 1982ஆம் ஆண்டின் உலக மிகைபுனைவு விருதைப் பகிர்ந்துகொண்டவர். ஆதலின் கூலிக்கு எழுதுபவர் மட்டுமல்லர்.

தடையும் மீட்சியும்

எட்சிசனின் திரைக்கதையில் ஹாடன்ஃபீல்டு ஊரார் ஹாலோவீன் விழாவையே தடை செய்துவிடுகின்றனர். முகமூடியும் வேடமும் கூடாது. நடந்ததைப் பேசுவதும் கூடாது. கொலையாளியின் நினைவை வேரோடு பிடுங்கிவிட்டால் இளைய தலைமுறை நலமாக வாழும் என்பது பெரியவர்களின் எண்ணம். வளர்ந்துவிட்ட டாமியும் லிண்ட்சியும் கதையின் நடுவிடத்தில் நிற்கின்றனர். இறந்தவன் திரும்பி வருகிறான். எரிந்த உடலோடு அன்று, அடக்கி வைக்கப்பட்ட அச்சத்தின் வடிவாக. ஒன்றை அடக்க முற்பட்டால் அது முன்னிலும் வலிமையோடு தலைதூக்கும் என்பதும், அவனது நினைவை அழிக்கும் முயற்சியே அவனுக்கு மீண்டும் இருப்பைத் தந்துவிடுகிறது என்பதும் தம் கருத்தென எட்சிசனே பின்னாளில் நேர்காணலில் விளக்கியுள்ளார்.

கார்ப்பெண்டரும் ஹில்லும் இதற்கு ஆதரவாக இருந்தனர். தயாரிப்பாளர் முஸ்தபா அக்காத் ஏற்கவில்லை. ‘தி மெசேஜ்’ (1976), ‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ (1981) ஆகிய வரலாற்றுப் படங்களை இயக்கியவர் அவர். கலையறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்திரைக்கதை மூளைக்கு வேலை தருவதாக இருக்கிறது, தசையும் குருதியும் உடைய மைக்கேலே வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கார்ப்பெண்டரும் ஹில்லும் தம் உரிமையை விற்று விலகினர். 1988இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் வேலைநிறுத்தம் தொடங்குமுன் முடித்தாக வேண்டிய நெருக்கடியில் ஆலன் மெக்எல்ராய் பதினொரு நாளில் புதிய திரைக்கதையை எழுதிக் கொடுத்தார். டுவைட் லிட்டில் இயக்கத்தில் அதே ஆண்டு அக்டோபரில் படம் வெளியாயிற்று. தீயில் எரிந்தவன் பத்தாண்டு நினைவிழந்து கிடந்து எழுந்து வந்தான். தொழில்நுட்ப அளவில் பழுதற்ற படம் என்றே சொல்ல வேண்டும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இப்பகுப்பு இந்தக் கருத்து வேறுபாட்டை விளக்க மிகவும் துணைசெய்கிறது. தயாரிப்பாளர் கேட்டது கள்வரால் வரும் அச்சம். அதாவது வாயிற்கதவுக்கு வெளியே கத்தியோடு நிற்கும் மனிதன். எட்சிசன் தந்தது அணங்கால் வரும் அச்சம். அதனினும் நுட்பமான ஒன்றும் அவர் கதையில் உண்டு. ஊர்மன்றத்தின் தடையுத்தரவு இளைஞருக்குத் தம் இறையால் வரும் அச்சம். பெரியவர்களின் ஆணைக்கு அஞ்சிப் பேசாதிருப்பதும் பேய்க்கு அஞ்சி நடுங்குவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மேலை நாட்டுத் திகில் பட ஆய்வுகள் பெரும்பாலும் பிராய்டின் அடக்கப்பட்டது மீளும் என்னும் கோட்பாட்டோடு நின்றுவிடுகின்றன. அணங்கையும் இறையையும் ஒரே மெய்ப்பாட்டின் கீழ் நிறுத்திய தொல்காப்பியரின் பகுப்பு, ஆட்சியும் அச்சமும் கூடும் இடத்தைக் காண இன்னும் நேரான வழி என எனக்குத் தோன்றுகிறது.

எட்சிசன் இதை வெற்றிடத்திலிருந்து கற்பனை செய்யவில்லை. 1984ஆம் ஆண்டு பிரிட்டன், வீட்டு ஒளிநாடாக்களைத் தணிக்கைக்கு உட்படுத்தச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன் கொலை செய்யும் ‘சைலண்ட் நைட், டெட்லி நைட்’ என்னும் படத்தை எதிர்த்துப் பெற்றோர் திரையரங்குகள் முன் மறியல் செய்தனர். படம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் என்ன நிகழ்ந்தது எனின், மறந்து போயிருக்க வேண்டிய அச்சிறு படம் 1987 முதல் 1991 வரையில் நான்கு தொடர்ச்சிகளைக் கண்டது. எட்சிசனின் கருத்துக்கு இதைவிட நல்ல சான்றை அவரே புனைந்திருக்க முடியாது.

பழி யாருக்கு?

இவ்வளவும் திரைக்கதைக்குச் சார்பானவை. எடுக்கப்படாத படம் தோற்பதில்லை என்பதால், இத்தகைய பனுவல்களை மிகையாகப் புகழ்வது எளிது. நடிகர் சொதப்பவில்லை, ஒளிப்பதிவு மங்கவில்லை, படத்தொகுப்பாளர் கை வைக்கவில்லை. வாசிப்பவரின் மனத்திரையில் எல்லாம் செம்மையாகவே ஓடுகிறது. படமாகாத திரைக்கதைகளைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை தயாரிப்பாளரைத் தூற்றி எழுத்தாளரைப் போற்றுவதோடு முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். இத்திரைக்கதையின் அறநிலைப்பாட்டில் எனக்குப் பெரும் தடை ஒன்று உண்டு.

அடக்குவதால் தீமை மீள்கிறது என்றால், மீண்டதற்குப் பொறுப்பு யாருடையது? அடக்கியவருடையது என்றாகிறது. அடக்கியவர் யார்? ஹாடன்ஃபீல்டின் பெற்றோர். அவர்களுள் சிலர் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். ஆனியின் தந்தை அவ்வூரின் ஷெரீஃப். இரண்டாம் பாகத்தில் தன் மகளின் உடலைக் கண்டபின், தேடுதலைப் பிறரிடம் விட்டுவிட்டு வீடு செல்கிறார். அந்த மனிதர் இனி இந்த ஊரில் இவ்விழா வேண்டாம் என்று சொன்னால், அது கோழைத்தனமா, துயரமா? அவரிடம் சென்று, நீ பேச மறுத்ததால்தான் அவன் திரும்பி வந்தான் என்று ஒரு கலைப்படைப்பு சொல்லுமாயின், கொன்றவனின் பழியை இழந்தவன் தலையில் ஏற்றுவதாகிவிடும். மனம் திறந்து பேசுதல் மருந்து, மௌனம் நோய் என்னும் இருபதாம் நூற்றாண்டு உளவியல் நம்பிக்கையை எட்சிசன் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார். மௌனத்திலும் பல வகை உண்டு. குற்றத்தை மூடும் மௌனம் வேறு. வாய் எழாமையால் வரும் மௌனம் வேறு.

இந்த வேறுபாட்டை வெஸ் கிரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) கூர்மையாகவே கண்டிருந்தது. அங்கும் பெற்றோர் மௌனம் காக்கின்றனர். காரணம் வேறு. குழந்தைகளைக் கொன்ற ஃப்ரெடி குரூகர் சட்டத்தின் ஓட்டை வழியே தப்பியபோது, அவர்களே ஒன்றுகூடி அவனை எரித்துக் கொன்றவர்கள். அவர்களது மௌனம் கொலையை மறைக்கும் மௌனம். பிள்ளைகளின் கனவுகளில் அது வெளிப்படுகிறது. அங்கே பழி பெற்றோர்மேல் விழுவது பொருத்தமே. ஹாடன்ஃபீல்டின் பெற்றோர் அப்படி எதுவும் செய்தவர்கள் அல்லர். இரண்டு மௌனங்களுக்கும் ஒரே தண்டனை என்பதை ஏற்பது கடினம்.

அச்சம் நீங்கிய இளைஞர்

எட்சிசனுக்கு மறுமொழி போலவே அமைந்த இன்னொரு படமாகாத திரைக்கதையையும் இங்குக் கருத வேண்டும். பின்னாளில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களால் உலகப் புகழ் பெற்ற பீட்டர் ஜாக்சனும் அவர் நண்பர் டேனி மல்ஹெரானும் எல்ம் ஸ்ட்ரீட் வரிசையின் ஆறாம் படத்துக்காக ‘தி டிரீம் லவர்’ என்னும் திரைக்கதையை எழுதினர். அதில் ஃப்ரெடியை யாரும் அஞ்சுவதில்லை. அச்சம் குன்றியதால் அவன் வலியிழந்து கிடக்கிறான். ஊர் இளைஞர்கள் தூக்க மாத்திரை விழுங்கிக் கனவுக்குள் இறங்கி, பொழுதுபோக்காக அவனை அடித்து உதைத்துவிட்டு வருகின்றனர். 1991இல் வெளியான ஆறாம் படத்துக்கு வேறொரு திரைக்கதையே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அச்சமே தீமைக்கு உணவு என்றால், அச்சமின்மை அதற்கு மருந்தாக வேண்டும். ஜாக்சனும் மல்ஹெரானும் அந்த அளவையை இறுதிவரை இழுத்துச் சென்று பார்த்தனர். கிடைத்தது அறம் அன்று, இன்னொரு கொடுமை. கொலையாளி வீழ்ந்து கிடக்கிறான்; அவனுடைய இடத்தில் சிரித்துக்கொண்டு அடிப்பவர்கள் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அவனால் கொல்லப்பட்ட குழந்தைகளுக்காக அவர்கள் அடிக்கவில்லை. அக்குழந்தைகள் அவர்கள் எண்ணத்தில் இல்லவே இல்லை. இந்த ஒரு காட்சியமைப்புக்காகவே அத்திரைக்கதை எட்சிசனுடையதைவிட ஒரு படி மேலானது என்பேன், நகைச்சுவை மிகுந்து தோன்றினும்.

மூன்றாவதாக, படமாகவே வந்துவிட்ட ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’ (2003). அங்கே ஊரார் எட்சிசனின் பெற்றோர் செய்ததையே செய்கின்றனர்: பெயரைச் சொல்லத் தடை, ஆவணங்களில் இருட்டடிப்பு, இளைஞருக்குக் கனவு வராமலிருக்க மருந்து. வியப்பு யாதெனின், தடை பலிக்கிறது. மறக்கப்பட்ட ஃப்ரெடி செயலற்றுப் போகிறான். அச்சத்தை மீண்டும் விதைக்க வெளியிலிருந்து ஜேசன் என்னும் வேறொரு கொலையாளியை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆக, மறதி தீமையை வளர்க்கும் என்றது ஒன்று. மறதி தீமையைக் கொல்லும் என்றது மற்றொன்று. அச்சம் போனால் கொடுமையே வரும் என்றது இன்னொன்று. ஒரே கலைவடிவத்துக்குள் மூன்று விடைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. மூன்றும் கொலையாளியையே மையமாக வைத்து வினவுகின்றன என்பதே இதற்குக் காரணம். அவனை நினைப்பதா, மறப்பதா, அஞ்சுவதா, நகைப்பதா? கொல்லப்பட்டவரை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

ஹாடன்ஃபீல்டின் தடையுத்தரவில் உண்மையில் பிழையானது இதுதான் என்று நினைக்கிறேன். பூச்சாண்டியின் பெயரைச் சொல்லாதே என்பதில் குற்றமில்லை. அந்தத் தடையின்கீழ் ஆனியின் பெயரும் லிண்டாவின் பெயரும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. அந்த இரவைப் பேசக்கூடாது என்றால், அந்த இரவில் இறந்தவரைப் பற்றியும் பேச வழியில்லை. இரண்டையும் பிரித்தறிய ஊராருக்குத் தெரியவில்லை. எட்சிசனும் அதை அவர்களுக்குச் சுட்டிக்காட்டவில்லை. தொடர்ச்சிப் படம் என்னும் வடிவமோ இதற்கு நேர்மாறான பிழையைச் செய்கிறது: கொன்றவனைக் காப்பாற்றுவதற்காகக் கொல்லப்பட்டவரை மறக்கிறது. 1981ஆம் ஆண்டுப் படத்தில் பென் டிரேமர் என்னும் இளைஞன் ஒருவன் உண்டு. முகமூடி அணிந்து தெருவில் நடந்த குற்றத்துக்காகக் கொலையாளி என்று கருதப்பட்டு, காவல் வண்டி மோதித் தீயில் எரிந்து இறக்கிறான். முதற்படத்தில் லாரி தன் தோழியிடம் தயங்கித் தயங்கி விருப்பம் தெரிவித்தது இவனைப் பற்றித்தான். அவன் யார் என்பது ஒரு சிறு உரையாடலில் கடந்துவிடுகிறது. மைக்கேல் மையர்ஸின் பெயரை அறியாத அமெரிக்க இளைஞர் அரியர். பென் டிரேமரை அவ்வரிசையின் ஆர்வலர் அல்லாமல் வேறு எவர் அறிவார்?

ஆயிரவர்

இது மேலை நாட்டு மலிவுக் கலையின் நோய் மட்டுமே என்று நாம் அமைதி கொள்ள இயலாது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை நமக்கு நன்கு தெரிந்ததே. கண்ணகியின் சினத்துக்குப்பின் பாண்டிநாடு மழையின்றி வறுமையும் நோயும் உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழா எடுத்துச் சாந்தி செய்ய, மழை பெய்து துன்பம் நீங்கியது என்பது அங்குக் கூறப்படும் செய்தி. நீர்ப்படைக்காதையிலும் இது குறிக்கப்படுகிறது. உரைபெறு கட்டுரையைப் பிற்சேர்க்கை எனக் கருதுவோர் உளர். அவ்வாறாயினும் அது ஒரு தொடர்ச்சியே. காப்பியத்தின் இரண்டாம் பாகம் என்று சொன்னாலும் தவறில்லை.

ஹாடன்ஃபீல்டோடு இதை வைத்து நோக்கின் தெளிவாவது ஒன்றுண்டு. பாண்டிநாடு மறக்க முற்படவில்லை. விழாவைத் தடுக்கவில்லை, எடுத்தது. எட்சிசனின் அளவுகோலால் அது சரியான வழி. ஆனால் அந்த நினைவின் விலை ஆயிரம் உயிர். கோவலன் கொலைக்குக் காரணமான பொற்கொல்லன் ஒருவன். மதுரையை எரிக்கும் கண்ணகிகூட அறவோர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விலக்கித் தீயோரை மட்டும் சேருமாறு தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். சினத்தின் உச்சியிலும் அவளிடம் இருந்த பகுத்துணர்வு, அமைதிக்காகச் செய்யப்பட்ட சாந்தியில் இல்லை. தொழில் ஒன்றாக இருந்தது என்பதே ஆயிரவரின் குற்றம். அவர்களுக்குப் பெயர் இல்லை. எண் மட்டும் உண்டு. அவர்கள் மனைவியர் எவரும் அரசவைக்குச் சிலம்போடு வந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. இப்பகுதியைக் கற்பிக்கும்போது பத்தினி வழிபாட்டின் தொடக்கம், மழைக்கடவுள் நம்பிக்கை என்று விளக்கிச் செல்கிறோம். ஆயிரவரைப் பற்றி வகுப்பறையில் எவரேனும் வினா எழுப்பினால் அது காலச்சூழல் என்று கடந்துவிடுவதே வழக்கம்.

ஆக, நினைத்தலும் கொல்லும், மறத்தலும் கொல்லும். எதை நினைப்பது என்பதில்தான் வேறுபாடு. இந்நிலையில் நடுகல் மரபை முழுத் தீர்வாக முன்வைக்க எனக்கு விருப்பமில்லை. அதுவும் வீரர்க்கே உரியது, போரிடாமல் வெட்டப்பட்டவர்க்கு அரிதாகவே கல் எழுந்தது. ஆயினும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. கல் வீழ்ந்தவனுக்காக நடப்படுகிறது. எந்த ஆட்சியாண்டில், யார் படை வந்தபோது, எதை மீட்கப் போய் வீழ்ந்தான் என்பது பொறிக்கப்படுகிறது. பகைவன் அங்கே குறிக்கப்பட்டாலும் சூழலைச் சொல்லும் அளவில்தான்.

பிடுங்கப்பட்ட கல்

1978ஆம் ஆண்டுப் படத்தில் பலரும் கடந்து செல்லும் காட்சி ஒன்று. மருத்துவர் லூமிஸ் ஹாடன்ஃபீல்டின் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறார். காவலர் வழிகாட்டிக்கொண்டு போகிறார். ஜூடித் மையர்ஸின் கல்லறையை அடைந்தால், கல் இல்லை. பிடுங்கி எடுக்கப்பட்ட குழி மட்டும் இருக்கிறது. அன்றிரவு, ஆனியின் உடல் கிடத்தப்பட்ட கட்டிலின் தலைமாட்டில் அந்தக் கல் நிறுத்தப்பட்டிருப்பதை லாரி காண்கிறாள். தான் முதலில் கொன்றவளின் நினைவுக்கல்லைப் பெயர்த்து, புதிய கொலைக்கு அணியாக வைக்கிறான் கொலையாளி. தொடர்ச்சிப் படம் என்னும் வடிவம் பின்னர் செய்யவிருந்தது முழுவதும் இந்த ஒரு செயலில் முன்கூட்டியே அடங்கிவிட்டது. கார்ப்பெண்டரும் ஹில்லும் அப்படிக் கருதி வைத்தார்களா என்பது வேறு. அச்சுறுத்தும் ஓர் உத்தி என்ற அளவில் வைத்திருக்கவும் கூடும்.

எட்சிசன் தொடங்கியிருக்க வேண்டிய இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. தடையுத்தரவு போட்ட ஊரில் அந்தக் கல்லை மீண்டும் நட யாராவது போனார்களா? டாமியோ லிண்ட்சியோ அதைக் கேட்டிருந்தால் கதை கொலையாளியைவிட்டு வேறு திசையில் சென்றிருக்கும். அத்தகைய படத்தை அக்காத் இன்னும் விரைவாக மறுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

மறுக்கப்பட்ட கருத்து முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. 1988ஆம் ஆண்டுப் படத்திலேயே, மதுக்கடையிலிருந்து துப்பாக்கிகளோடு கிளம்பும் ஊரார் கூட்டம் இருட்டில் அசைந்த அப்பாவி ஒருவரைச் சுட்டுவிடுகிறது. 2021இல் வந்த ‘ஹாலோவீன் கில்ஸ்’ படத்தில் நடுவயதை எட்டிய டாமி டாயிலே ஊரைத் திரட்டிக்கொண்டு கிளம்புகிறான். துரத்தப்பட்ட மனநோயாளி ஒருவன், கொலையாளி எனத் தவறாகக் கருதப்பட்டு, மாடியிலிருந்து குதித்து இறக்கிறான். ஊரின் அச்சமே உருவாகிறது என்னும் எட்சிசனின் எண்ணம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், அவர் பெயரின்றி, அவர் மறைந்த பின்னும் திரைக்கு வந்துகொண்டிருக்கிறது. வரிசையின் படங்கள் 2022 வரையில் பதின்மூன்று.

ஜூடித்தின் கல்லும் திரும்பி வந்தது. 2018ஆம் ஆண்டுப் படத்தில் அது தன் இடத்திலேயே நிற்கிறது. அதைக் காண இருவர் வருகின்றனர். கொலைவழக்குகளைப் பற்றி ஒலிநிகழ்ச்சி தயாரிப்பவர்கள். கல்லறைக் காவலர் இன்னின்ன புகழ்பெற்றவர்களின் கல்லறைகள் எங்கெங்கு உள்ளன என்று பேசிக்கொண்டே அழைத்து வந்து காட்டுகிறார். அவர்கள் நிகழ்ச்சி மைக்கேலைப் பற்றியது.